சாம்பலுக்கு ஒரு ஸ்டூல்

சந்தோஷ்குமார் செத்து ஒரு மாதம் கழித்து அவனுடைய ரசிகர்கள் மூன்று வேன் நிறையக் கொல்லிமலைக்கு வந்தார்கள். வந்தார்கள் என்பதைவிட, வாந்தியெடுத்துக்கொண்டே மேலே வந்து சேர்ந்தார்கள் என்பதுதான் சரி. அடிவாரத்துக் காரவள்ளியில் ஆரம்பித்து ஒரு கொண்டை ஊசி வளைவையும் அவர்கள் சும்மா விடவில்லை. மறுநாள் அந்தப் பாதையில் குரங்குகள் மூக்கைப் பொத்திக்கொண்டு போயின என்றால் நம்பமாட்டீர்கள். சரி, பாதிக் குரங்குகள்.

சந்தோஷ்குமார் இந்த மலையில், எடப்புளி நாட்டில் பிறந்தவன். ஒரு மைக், ஒரு உயரமான ஸ்டூல், ஒரு தண்ணீர் பாட்டில், இவற்றை வைத்துக்கொண்டு தனி ஆளாக மேடையில் நின்று பேசியே சென்னையையும் கோயம்புத்தூரையும் சிரிக்க வைத்தான். ஸ்டாண்ட்-அப் காமெடி என்று பெயர். நான் சோளக்காடு பஸ் நிலையத்தில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். என் கையிலும் மைக் இருந்தது. சேந்தமங்கலம் வண்டி இன்றைக்கு இல்லை என்று வருஷக்கணக்காக நானும் தனி ஆளாகப் பேசியிருக்கிறேன். ஒருத்தரும் டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து கேட்டதில்லை.

அவன் பேச்சில் முக்கால்வாசி 'என் தம்பி' கதைதான். தம்பி மலையிலிருந்து சென்னைக்கு வருவான். பெரிய கடை ஒன்றில் தானாக நகரும் படிக்கட்டைப் பார்ப்பான். வாட்ச்மேனிடம் போய், "ஏனுங்க, இதைக் கொஞ்சம் நிக்கச் சொல்லுங்க, நானே ஏறிக்கறனுங்க" என்பான். அவ்வளவுதான். இதற்கு மூவாயிரம் பேர் நாற்காலியை உடைத்தார்கள். ரகசியம் வசனத்தில் இல்லை, குரலில் இருந்தது. ஒவ்வொரு சொல்லையும் தராசில் நிறுத்து, இறக்கி, துடைத்து, எடுத்துக் கொடுக்கிற மாதிரி ஒரு குரல். அது அவன் கண்டுபிடித்ததல்ல. அச்சு அசலாக அவன் தம்பி யுவராஜின் குரல். முகமும் ஒன்றேதான். சந்தோஷ்குமார் சொந்தமாகச் சேர்த்தது ஒரு கூலிங் கிளாஸ்.

தம்பி யுவராஜ் இங்கேயே மரவள்ளியும் மிளகும் போட்டுக்கொண்டு இருக்கிறவன். அண்ணன் பேச்சை போனில் பார்த்திருக்கிறான். கோபமா என்று கேட்டதற்கு, நன்றாகத்தான் பேசுகிறான், ஆனால் நான் இவ்வளவு நேரம் பேசமாட்டேன் என்றான்.

சந்தோஷ்குமாருக்குக் காமாலை முற்றி சென்னையில் உயிர் போன அன்று இங்கே பேய் மழை. மலைப்பாதையில் மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டது. யுவராஜும் மனைவி பூங்குழலியும் நடந்தே இறங்கி, பஸ் மாறிப் போய்ச் சேர்வதற்குள் ரசிகர் மன்றத்தார் எரித்தே முடித்துவிட்டார்கள். அதை நேரலையாகக் காட்டி, கீழே இதயப் படங்களும் வாங்கிக்கொண்டாகிவிட்டது. யுவராஜின் குடும்பத்தில் எரிக்கிற வழக்கம் கிடையாது. சொந்தக் காட்டில், பலாமரத்துக்குக் கீழே, தாய் தகப்பன் உட்பட எல்லாரும் வரிசையாக மண்ணுக்குள் இருக்கிறார்கள். உடலைக் கொண்டுவந்துவிடலாம் என்று நம்பி, கிளம்பும்போதே பங்காளிகளைக் குழி வெட்டச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். திரும்பி வந்தால் குழி இருக்கிறது, ஆள் இல்லை.

வெட்டின குழியைச் சும்மா மூடக்கூடாது, திறந்த குழியை வைத்துக்கொண்டு ஒரு நல்ல காரியமும் செய்யக்கூடாது. யுவராஜ் விதைக்கவில்லை. பூங்குழலி தன் தங்கை கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. சாம்பலையாவது கொடுங்கள் என்று மன்றத் தலைவர் விஷ்ணுவுக்கு போன் போட்டதற்கு, ஒரு மாதம் முடிகிற அன்று நினைவு விழா எடுக்கிறோம், நாங்களே மலைக்குக் கொண்டுவருகிறோம் என்றான். யுவராஜ் அதை நம்பிக் காத்திருந்தான்.

அப்படி வந்தவர்கள்தான் இந்த மூன்று வேன்.

யுவராஜ் வீட்டுக்கு முன்னால் ரோட்டில் சாமை காயப்போட்டிருந்தது. வேன்கள் வருவதைப் பார்த்ததும் அவன் துண்டை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தான். "வண்டியை நிக்கச் சொல்லுங்க, சாமைங்க, நிக்கச் சொல்லுங்க" என்றான்.

காரியம் கெட்டது அங்கேதான். மூன்று வேனும் ஒரே குரலில் ஊளையிட்டது. ஜன்னல் வழியாக நாற்பது போன்கள் நீண்டன. எல்லாரும் கறுப்பு டீ-ஷர்ட் போட்டிருந்தார்கள், நெஞ்சில் வெள்ளை எழுத்தில் 'நிக்கச் சொல்லுங்க' என்று அச்சடித்து. அச்சடித்த வசனம் உயிரோடு துண்டு ஆட்டிக்கொண்டு ஓடிவந்தால் பிரேக் போடுகிற புத்தி எவனுக்கு வரும்? மூன்று வேனும் சாமை மேல் ஏறி, அரைத்து, மாவாக்கி, பிறகு நின்றது. இறங்கி அவனைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். யுவராஜ் பொறுமையாக எல்லாப் படத்திலும் நின்றான். பிறகு, அண்ணனைக் கொடுத்தால் காட்டுக்குக் கொண்டுபோய்விடுவேன் என்று கேட்டான். அதற்கும் சிரித்தார்கள். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அதே டைமிங்" என்றாள்.

அந்தப் பெண்தான் கிருஷ்ணகுமாரி, கோயம்புத்தூர்க் கிளைத் தலைவி. சந்தோஷ்குமாரின் பேச்சைக் கேட்டுத் தன் தைராய்டு குணமானதாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். மாத்திரையையும் நிறுத்தவில்லை என்பதைத் தாழ்ந்த குரலில் சேர்த்துக்கொண்டாள்.

விழா சந்தைத் திடலில். என்னிடம் சொந்தமாக மைக் செட் இருப்பதாலும் என் குரலுக்கு மலையில் ஒரு மதிப்பு இருப்பதாலும் என்னைத்தான் நிகழ்ச்சியை நடத்தச் சொன்னார்கள். மேடையைப் பார்த்தேன். நடுவில் சந்தோஷ்குமாரின் உயரமான ஸ்டூல். அதன்மேல் சிவப்புத் துணி கட்டிய பித்தளைச் செம்பு. சாம்பல் அதற்குள். செம்புக்கு எதிரே மைக், பக்கத்தில் தண்ணீர் பாட்டில், மூடியைத் திறந்தே வைத்திருந்தார்கள். சாம்பலுக்குத் தாகம் எடுக்குமே. பட்டப்பகலில், மலையே வெயிலில் பளபளக்கும்போது, செம்பு மேல் ஒரு வட்ட விளக்கு வேறு.

பேச ஆரம்பித்தார்கள். எனக்கு வயதாகிறது, பல இரங்கல் கூட்டம் கேட்டிருக்கிறேன். செத்தவனைப் பற்றி ஒருத்தர்கூடப் பேசாத கூட்டம் இதுதான். எல்லாப் பேச்சும் 'அண்ணனை நான் முதன்முதலில் பார்த்தபோது' என்று ஆரம்பிக்கும், மூன்றாவது வாக்கியத்தில் அண்ணன் கழன்றுகொள்வார், மிச்சம் பேசுகிறவருடைய வேலை, காதல், கார் லோன். ஒரு தாடிக்காரர் அண்ணனோடு எடுத்த படத்தைக் காட்டினார். அதில் அண்ணனுடைய முழங்கை மட்டும் இருந்தது. இன்னொருவர் அழுதார். அழும்போது போனைப் பிடித்திருந்த நண்பனிடம் இடது பக்கம் வரச் சொல்லிச் சைகை காட்டினார்.

அப்புறம் அவனுடைய வசனங்களைச் சொன்னார்கள். ஒருத்தன் ஆரம்பிப்பான், திடலே சேர்ந்து முடிக்கும். வசனம் முடிவதற்கு முன்பே சிரித்துவிடுவார்கள், முன்கூட்டியே தெரியும் என்று காட்டிக்கொள்ள. படிக்கட்டு வசனத்தில் 'கொஞ்சம்' உண்டா இல்லையா என்று சேலத்துக்கும் மதுரைக்கும் சண்டை வந்தது. சட்டையைப் பிடிக்கிற அளவுக்குப் போனது. அந்த வசனத்தைப் பிறப்பித்த வாய் பத்தடி தள்ளிப் பலகையில் உட்கார்ந்திருந்தது. யாரும் அதைக் கேட்கவில்லை.

இரண்டு நிமிட மௌனம் அறிவித்தேன். கால் நிமிடம் தாங்கினார்கள். யாரோ ஒருத்தன் தும்மினான். அதற்கே விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

யுவராஜ் என்னிடம் வந்து, டைம்கீப்பரே, எப்போது கொடுப்பார்களாம் என்று கேட்டான். நான் விஷ்ணு கொடுத்த நிகழ்ச்சி வரிசையைப் பார்த்தேன். கடைசியில் 'அண்ணனைப் பகிர்தல்' என்று இருந்தது. என்னவென்று விஷ்ணுவிடமே கேட்டேன். அவன் பெருமையாக ஒரு அட்டைப்பெட்டியைத் திறந்து காட்டினான். ஹோமியோபதி மருந்துக்குக் கொடுப்பார்களே, அந்த மாதிரிக் குட்டிப் புட்டிகள். ஒவ்வொன்றின் மேலும் மாவட்டப் பெயர் ஒட்டியிருந்தது. சென்னைக்கு மட்டும் கொஞ்சம் பெரிய புட்டி, தலைமையகம் அல்லவா.

இதைச் சொன்னதும் யுவராஜ் நேராக மேடைக்குப் பின்னால் போனான். நானும் பின்னாலேயே போனேன்.

"இல்லீங்க தம்பி, எங்கண்ணனைப் பங்கு போடாதீங்க. முழுசாக் கொடுத்துருங்க" என்றான்.

விஷ்ணுவின் உதடு துடித்தது. பாவம், அடக்கத்தான் பார்த்தான். முடியவில்லை. தோளைக் குலுக்கிக்கொண்டே போனை எடுத்து, ரெக்கார்டிங் பட்டனை அழுத்தி, யுவராஜ் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"அண்ணா, இன்னொரு தடவை. அந்த 'பங்கு போடாதீங்க' மட்டும்."

யுவராஜ் போனைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் வாழ்க்கையில் எத்தனையோ பேர் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு நிற்கிறதைப் பார்த்திருக்கிறேன். அந்த மாதிரி முகம் பார்த்ததில்லை.

"இதை அப்படியே மேடையில சொல்லுங்கண்ணா, தூக்கிரும்" என்றான் விஷ்ணு.

எனக்கு எங்கிருந்து அந்த நினைப்பு வந்ததோ தெரியாது. நிகழ்ச்சி வரிசை என் கையில்தானே இருக்கிறது? புட்டிகளுக்கு முன்னால் ஒரு இடம் போட்டு, "அடுத்ததாக அண்ணனின் தம்பி பேசுவார்" என்று மைக்கில் அறிவித்துவிட்டேன். திடல் எழுந்து நின்றது. மலையில் மிளகுக்கொடிகள் மரத்தைவிட்டுக் கழன்று விழுகிற மாதிரி ஒரு சத்தம்.

யுவராஜ் ஏறினான். ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றான். செம்பை ஒருமுறை பார்த்துவிட்டு மைக் பக்கம் வாயைக் கொண்டுபோனான். கூலிங் கிளாஸ் ஒன்றுதான் குறை. மற்றபடி செத்தவன் எழுந்து வந்து நிற்கிறான். முன்வரிசை வாயைத் திறந்து தயாராக வைத்துக்கொண்டது.

"எங்கண்ணன் பேசுனதுக்கு நீங்கெல்லாம் சிரிச்சீங்க. நல்லதுங்க" என்றான்.

சிரித்தார்கள்.

"அவன் போயிட்டானுங்க. எங்க காட்டுல குழி வெட்டுனது வெட்டுன மாதிரியே கெடக்குதுங்க. மழை பேஞ்சா தண்ணி நிக்குது. நான் தெனமும் குண்டாவுல மொண்டு மொண்டு ஊத்தறனுங்க."

இதற்குச் சிரித்த சிரிப்பில் பின்வரிசையில் ஒருத்தன் நாற்காலியோடு சாய்ந்தான். அவனைத் தூக்கிவிடப் போனவனும் சிரித்துக்கொண்டே அவன்மேல் விழுந்தான். 'மொண்டு மொண்டு' என்று ஒரு கூட்டம் கை தட்டிப் பாட ஆரம்பித்தது. அடுத்த டீ-ஷர்ட்டுக்கு வசனம் கிடைத்துவிட்டது.

"சிரிக்கறதுக்குச் சொல்லலீங்க" என்றான் யுவராஜ். இது இன்னும் நன்றாக எடுபட்டது.

பூங்குழலி திடலின் ஓரத்தில், சுகுணாவின் பஜ்ஜிக் கடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. சிரிக்கிறவர்களை ஒவ்வொருத்தராகப் பார்த்துக்கொண்டிருந்தாள், சந்தையில் சொத்தைக் கத்தரிக்காயைப் பொறுக்கித் தள்ளுகிற மாதிரி. பிறகு மேடையைப் பார்த்து, கையை இரண்டு தடவை தன் பக்கமாக அசைத்தாள். வா, போகலாம் என்று.

யுவராஜ் அதைப் பார்த்தான். ஒருமுறை தலையை ஆட்டினான். ஸ்டூல் மேலிருந்த செம்பின் கழுத்தில் கையை வைத்தான்.

"அப்ப நான் எடுத்துக்கட்டுங்களா?" என்று கேட்டான்.

திருடவில்லை, பிடுங்கவில்லை. சபையைக் கேட்டான். "எடுத்துக்கோங்க" என்று திடலே ஒரே குரலில் சொன்னது. விஷ்ணுவும் சேர்ந்துதான் சொன்னான், அவன் குரல் எனக்குத் தனியாகக் கேட்டது. நம் நாட்டில் எந்தப் பத்திரப் பதிவு அலுவலகத்திலும் இவ்வளவு சாட்சிகளோடு ஒரு பொருள் கை மாறியிருக்காது.

யுவராஜ் செம்பைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். படியில் இறங்கினான். கூட்டம் வழிவிட்டது. அவன் நடக்க நடக்க இரண்டு பக்கமும் போன்கள் தலை வணங்கின. பூங்குழலி முன்னால், அவன் பின்னால். சந்தைத் திடலைத் தாண்டி, மரவள்ளிக் காட்டு வரப்பில் ஏறி, மறைந்தே போய்விட்டார்கள். நாலைந்து பேர் பின்தொடரப் பார்த்தார்கள். மற்றவர்கள், பாதியில் போய்க் கெடுக்காதே என்று பிடித்து இழுத்தார்கள். எல்லாரும் திரும்பி வந்து உட்கார்ந்து, அவன் வந்து அடுத்த வசனம் சொல்வதற்காகக் காத்திருந்தார்கள்.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். விஷ்ணு மெதுவாக மேடைக்கு வந்து, சார், எங்க போனார் என்று கேட்டான். இப்போது விட்டால் பின்னாலேயே ஓடிவிடுவார்கள். பலாமரத்தடிக்குப் போய், செம்பைக் கவிழ்த்து, மண்ணைத் தள்ளி மூட ஒரு மனிதனுக்கு அவகாசம் வேண்டாமா? மைக்கைப் பிடித்தேன்.

"அன்பான ரசிகர்களே, பொறுமை. ஆரம்ப காலத்தில் திருச்சியில் அண்ணன் இதே மாதிரி பாதிப் பேச்சில் மேடையைவிட்டு இறங்கிப் போய்விட்டார். வெளியே டீ குடித்து, முடி வெட்டிக்கொண்டு, ஒரு தூக்கமும் தூங்கிவிட்டு வந்து அடுத்த வார்த்தையைச் சொன்னார். அதுவரை ஒருத்தர்கூட எழுந்திருக்கவில்லை. அப்பேர்ப்பட்ட ரசிகர்கள் அவர்கள்" என்றேன்.

சந்தோஷ்குமார் ஆரம்ப காலத்தில் திருச்சிப் பக்கமே போனதில்லை. அப்போது அவன் நாமக்கல்லில் ஒரு கோழிப் பண்ணையில் முட்டை அடுக்கிக்கொண்டிருந்தான்.

ஆனால் நான் முடிப்பதற்குள் தாடிக்காரர் கையைத் தூக்கினார். அன்றைக்கு அவர் அங்கே இருந்தாராம். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர், தானும் இருந்ததாகவும் அன்று மழை பெய்ததாகவும் சொன்னார். மழை இல்லை, கரண்ட்தான் போனது என்று மதுரைக்காரர் திருத்தினார். கிருஷ்ணகுமாரி எழுந்து, அந்தக் காத்திருப்பில்தான் தான் முதன்முதலாக அழுததாகச் சொல்லி மறுபடி அழுதாள். நான் வாயில் வந்ததைச் சொன்ன அந்தத் திருச்சிக்கு எப்படியும் முப்பது பேர் போய் வந்திருந்தார்கள். அதில் ஒருத்தர் அண்ணனுக்கு முடி வெட்டினவரையே தெரியும் என்றார். இவர்களை வைத்துக்கொண்டு ஒரு நாட்டையே விற்றுவிடலாம். வாங்குகிறவர்களும் இவர்களாகத்தான் இருப்பார்கள்.

எழுந்து போகிறவன் உண்மையான ரசிகன் இல்லை என்று ஆகிவிட்டதால் ஒருத்தனும் அசையவில்லை. மேகம் இறங்கித் திடலை மூடித் திறந்தது. அவசரத்துக்குக்கூட யாரும் ஒதுங்கவில்லை. வெயில் சாய ஆரம்பித்தபோது வரப்பில் யுவராஜ் தெரிந்தான். தலைமுடி சொட்டச் சொட்டக் குளித்திருந்தான். வேட்டி மாற்றியிருந்தான். கையில் செம்பு.

எழுந்து நின்று கை தட்டினார்கள். அவன் கூட்டத்துக்கு நடுவே நடந்து மேடை ஏறி, செம்பை விஷ்ணுவிடம் நீட்டினான்.

"பாத்திரம் உங்களுதுங்க. கழுவிட்டனுங்க."

அந்தக் கைதட்டல் கீழே சேந்தமங்கலத்தில் கேட்டு, கடைக்காரர்கள் இடி என்று நினைத்து வெளியே தொங்கவிட்டிருந்ததையெல்லாம் உள்ளே எடுத்து வைத்தார்கள். விசில், ஆட்டம், கட்டிப்பிடிப்பு. அத்தனை பேருக்கும் நடுவே விஷ்ணு மட்டும் செம்புக்குள் எட்டிப் பார்த்தான். புளி போட்டுத் தேய்த்திருந்தார்கள். அவன் முகமே அதில் தெரிந்திருக்கும்.

இங்கே ஒரு மனிதனாக இருந்தால் என்ன செய்திருப்பான்? நடந்ததைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, வேனைத் திருப்பியிருப்பான். விஷ்ணு என் கையைப் பிடித்து மேடைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனான். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

"சார், இந்த ஊர்ல அடுப்புச் சாம்பல் எங்க கிடைக்கும்?"

நான் சந்தோஷமாக வழி காட்டினேன். பஜ்ஜிக் கடையில் விறகடுப்பு. சுகுணா முறத்தையும் கரண்டியையும் எடுத்துக் கொடுத்து, "எதுக்கு சாமி, பாத்திரம் வெளக்கவா?" என்று கேட்டாள். ஆமாம் என்றான் மன்றத் தலைவன். முட்டி போட்டு உட்கார்ந்து, கரியைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, தன் டீ-ஷர்ட்டைக் கழற்றி அதிலேயே சலித்தான். ஒரு மாவட்டத்துக்கும் குறை வைக்கவில்லை. கடைப் பெஞ்சில் டீ வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த யுவராஜ் கடைசிப் புட்டி நிரம்பும்வரை இதைப் பார்த்துக்கொண்டிருந்தான். விஷ்ணு நிமிர்ந்தபோதுதான் அவன் அங்கே இருப்பதைக் கண்டான். கையெடுத்துக் கும்பிட்டான். யுவராஜ் டீயை ஆற்றினான்.

பகிர்தல் நடந்தது. ஒவ்வொரு கிளைத் தலைவரும் செருப்பைக் கழற்றிவிட்டு மேடை ஏறி, இரண்டு கையாலும் புட்டியை வாங்கி, நெற்றியில் ஒற்றிக்கொண்டார். கிருஷ்ணகுமாரி கன்னத்தில் வைத்தாள். அவள் கண் விரிந்தது.

"இன்னும் சூடா இருக்கார்" என்றாள்.

அவ்வளவுதான். எல்லாரும் தங்கள் புட்டியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஆமாம், சூடுதான். செத்து ஒரு மாதமாகியும் சூடுதான். தாடிக்காரர் தேம்பினார். தம்பி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று யுவராஜை மறுபடி மேடைக்கு இழுத்துவந்தார்கள். விஷ்ணு கண்ணை மூடிக்கொண்டான்.

யுவராஜ் அந்தப் புட்டிகளை ஒரு சுற்று பார்த்தான். மைக்கைப் பிடித்தான்.

"பத்திரமா வெச்சுக்குங்க. எங்கண்ணனுக்கு பஜ்ஜின்னா உசுருங்க" என்றான்.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. திடலே தலை குனிந்து நின்றது. யுவராஜ் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு மைக்கை என்னிடம் கொடுத்தான். நாளைக்குச் சாமை விதைக்க வேண்டும், ஆள் கிடைக்குமா என்று என் காதில் கேட்டான். கீழே கிருஷ்ணகுமாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, புட்டிக்கு முன்னால் வைப்பதற்கு ஒரு தட்டு வாழைக்காய் பஜ்ஜி சொல்லிக்கொண்டிருந்தாள்.